ஒரு வீட்டுக்கு எதுக்குத் தாத்தா நாலு இன்டர்நெட்?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பிலும் நான் மணி அடித்த பிறகுதான் முடிப்பேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன வாரம் பரண் சுத்தம் செய்தோம். பழைய தொலைபேசி பில் கட்டுக்கு அடியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு கிடைத்தது. தேதி, பெயர், எந்தக் கணக்கு, ஆரம்பம், முடிவு, கையெழுத்து என்று ஆறு கட்டம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது என் கைதான். 2001 முதல் 2005 வரை என் வீட்டு முன்னறையில் இன்டர்நெட் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு எனக்குக் காலை வணக்கம் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அதில் கோணல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். போட்டோ எடுத்துப் போடலாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்து அட்டையை மட்டும் போட்டிருக்கிறேன். உள்பக்கம் போடாததற்குக் காரணம் உண்டு.

பேரன் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஒரு வீட்டுக்கு எதுக்குத் தாத்தா நாலு இன்டர்நெட்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிடப்பட்ட நாள் 1995 ஆகஸ்ட் 15. அதற்கு முன்பே, 1986-ல் தொடங்கிய எர்நெட் என்ற திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பேராசிரியர்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது படித்தவர்களின் தெரு. மற்றவர்களுக்குக் கதவைத் திறந்தது வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகள் அதன் கையில்தான் இருந்தன. பம்பாய், டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் என்று பெரிய நகரங்களில் ஆரம்பித்தார்கள். அந்தச் சேவைக்கு ஜி.ஐ.ஏ.எஸ். என்று பெயர். நம் பக்கத்துக் கணக்கின் மின்னஞ்சல் முகவரியில் 'ஜியாஸ் எம்டி' என்று வரும். எம்டி என்றால் மெட்ராஸ். 1996-ல் ஊர் சென்னை ஆன பிறகும் முகவரியில் மெட்ராஸ் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது.

கணக்கு இரண்டு வகை. ஒன்று ஷெல் கணக்கு. கருப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் வரும், படம் கிடையாது. மாணவர்களுக்கு மலிவாகக் கொடுத்தது இதைத்தான். இன்னொன்று படத்தோடு வருவது, விலை பல மடங்கு. ஆரம்பத்தில் சாதாரண இணைப்பின் வேகம் நொடிக்கு 9,600 பிட். கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டாமல் விட முடியவில்லை. நீங்கள் இன்று குரூப்பில் போடும் ஒரு கல்யாணப் போட்டோ 3 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அது வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் லைன் அறுந்து போகாமல் இருந்தால். ஆல்பம் முழுக்க அனுப்பும் என் மருமகனை அந்தக் காலத்தில் யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், இன்டர்நெட்டை அப்போது மணிக்கணக்கில்தான் வாங்க வேண்டும். இத்தனை ரூபாய்க்கு இத்தனை மணி நேரம், இத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் போச்சு. இது ஒரு செலவு. மோடம் தொலைபேசி வழியாகத்தானே கூப்பிடுகிறது, அந்த அழைப்புக்குத் தொலைபேசி பில் தனி. வீட்டில் தண்ணீர் லாரிக்கும் காசு, குடத்துக்கும் காசு என்பது போல.

1998 நவம்பரில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்தது. முதலில் களத்தில் இறங்கிய தனியார் நிறுவனம் நம் சென்னையிலிருந்து நடந்த சத்யம் இன்ஃபோவே. பின்னால் சிஃபி என்று பெயர் மாறியது அதுதான். அதற்குப் பிறகு டிஷ்நெட், மந்த்ரா ஆன்லைன் என்று வரிசையாக வந்தார்கள். கல்கத்தாவிலிருந்து கால்டைகர் என்று ஒருவர் இலவசமாகவே இன்டர்நெட் தருகிறேன் என்று வந்தார். தொலைபேசி பில் மட்டும் நம் தலையில். கடைகளில் சோப்பு டப்பா மாதிரி அட்டைப் பெட்டியில் இன்டர்நெட் விற்றார்கள். உள்ளே ஒரு சி.டி., ஒரு யூசர் நேம், சுரண்டிப் பார்க்க ஒரு பாஸ்வேர்டு. 2000 அக்டோபர் 1-ல் பி.எஸ்.என்.எல். பிறந்தது. அதன் இன்டர்நெட்டுக்குச் சஞ்சார்நெட் என்று பெயர். பழவேற்காடு மாதிரி ஊர்களுக்கு அதுதான் உண்மையான விடிவு. 172 என்று ஆரம்பிக்கும் எண்ணைச் சுழற்றினால் உள்ளூர் அழைப்புக் கட்டணம்தான். பட்டணத்துக்கு எஸ்.டி.டி. போட்டு இன்டர்நெட் பார்க்க வேண்டிய கொடுமை அதோடு ஒழிந்தது.

இப்போது பேரனின் கேள்விக்கு வருகிறேன். ரிச்சி தெருவில் பழைய பென்டியம் ஒன்றை நானும் மூன்று ஆசிரிய நண்பர்களும் காசு போட்டு வாங்கினோம். விண்டோஸ் 98. தொலைபேசி இருந்தது என் வீட்டில் என்பதால் கம்ப்யூட்டரும் என் வீட்டில். ஆளுக்கு ஒரு கணக்கு. ஒருவருடையது சஞ்சார்நெட். ஒருவருடையது பொன்னேரிக் கடையில் வாங்கிய அட்டை. ஒருவருடையது இரவில் மட்டும் மலிவாகக் கிடைத்தது. நான்காவது எப்போதும் பிஸியாக இருக்கும் ஒரு கணக்கு, பேருக்கு வைத்திருந்தோம். ஒரு எண் கிடைக்காவிட்டால் அடுத்தது. ஒன்றில் மணி தீர்ந்தால் அடுத்தது. ஆக நாலு இன்டர்நெட் என்பது வசதியால் வந்ததல்ல, பஞ்சத்தால் வந்தது.

விண்டோஸில் 'டயல்-அப் நெட்வொர்க்கிங்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் அதில் ஒரு குட்டிப் படம். இரண்டு தடவை தட்டினால் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, கொஞ்ச நேரம் இரைந்து, அமைதியாகும். அமைதியானால் உள்ளே போய்விட்டோம் என்று அர்த்தம். இல்லாவிட்டால் ஒரு எண்ணோடு பிழைச் செய்தி வரும். 680 என்றால் டயல் டோன் இல்லை. 676 என்றால் லைன் பிஸி. 678 என்றால் மறுமுனையில் பதில் இல்லை. 691 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. பத்தாம் வகுப்பு வாய்பாடு மறந்த பிள்ளைகள் கூட இந்த நாலு எண்ணையும் மறக்கவில்லை. மழை பெய்தால் உப்புக் காற்றில் அரித்த கம்பி 'கர்ர்' என்று இரையும், வேகம் பாதியாகும். யாராவது இன்டர்நெட்டில் இருந்தால் வீட்டுத் தொலைபேசி எங்கேஜ்டு. பொன்னேரிப் பெரியக்கா அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

பாஸ்வேர்டு நான்கும் எல்லாருக்கும் தெரியும். காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருந்தோம். இதில் தப்பு இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு பாஸ்வேர்டின் சரித்திரத்தைப் படித்தபோதுதான் புரிந்தது.

கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் பாஸ்வேர்டு வைத்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1961-ல் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் குழு, ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பலர் நேரம் பிரித்துப் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டை உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இத்தனை மணி என்று அளவு. யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கணக்கு வைக்க வேண்டும், ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. அதற்காகத்தான் பெயரும் பாஸ்வேர்டும். அதாவது பாஸ்வேர்டு பிறந்தபோது அதில் பாதி ரேஷன் கார்டு. ரேஷன் என்று வந்தால் கள்ள வழியும் வரும் அல்லவா? ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் நாலு மணி நேரம் போதவில்லை. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பாஸ்வேர்டு கோப்பை அச்சிட்டுத் தரச் சொல்லித் துளை அட்டையில் ஒரு கட்டளை கொடுத்தார். சனிக்கிழமை காலையில் போனால் எல்லாருடைய பாஸ்வேர்டும் தாளில் அச்சாகி இருந்தது. அப்புறம் மற்றவர்களின் மணியை எடுத்து ஆராய்ச்சியை முடித்தார். பல வருடம் கழித்து அவரே இதைச் சொன்னார். 1966-ல் இன்னொரு கூத்து. ஒரு குளறுபடியால், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக மொத்தப் பாஸ்வேர்டுப் பட்டியலும் திரையில் வந்ததாம்.

நம் நாட்டிலும் ஆரம்பத்தில் நடந்தது மணித் திருட்டுதான். 2000-ம் ஆண்டில் டெல்லியில் ஒரு ராணுவ அதிகாரி காசு கொடுத்து வாங்கிய இன்டர்நெட் மணியெல்லாம் அவர் பயன்படுத்தாமலே தீர்ந்துபோனது. இணைப்பு கொடுக்க வீட்டுக்கு வந்தவர் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் தெரிந்துகொண்டு போனதுதான் காரணம் என்று போலீஸ் சொன்னது. அப்போது தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வரவில்லை, அது அமலானது 2000 அக்டோபர் 17-ல். ஆகவே சாதாரணத் திருட்டுப் பிரிவில் வழக்குப் போட்டார்கள். கையில் பிடிக்க முடியாத மணி நேரத்தைத் திருட முடியுமா என்று காவல் நிலையத்தில் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சைபர் சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கு இன்றும் வருகிறது.

நாங்கள் பயந்ததும் இந்தத் திருட்டுக்குத்தான். அதனால்தான் நோட்டு. நம் ஊர்க்காரர்களுக்கு முறை என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் பாடு முறை நம் தாத்தாக்கள் காலத்துக்கும் முந்தியது. தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு, இன்ன நாள் இன்ன இடத்தில் வலை கட்டும் உரிமை முறைப்படி வரும். யாருடைய பாடு என்று ஊருக்கே தெரியும். தெரிந்தால்தான் சண்டை வராது. இன்டர்நெட் மணியையும் நான் அப்படித்தான் பங்கு வைத்தேன். செவ்வாய் பழவேற்காடு பஜார் பிள்ளைகள், வியாழன் கோட்டைக்குப்பம், சனிக்கிழமை படகில் வரும் பசியாவரம், இடமணிப் பிள்ளைகள். நோட்டு மேஜை மேலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரொம்ப நேர்மையான ஏற்பாடு என்று எனக்குள் ஒரு பெருமை.

அதே சமயத்தில் பாண்டிச்சேரிப் பக்கம் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்கள் நடத்திக்கொண்டிருந்தது. 1998-ல் தொடங்கியது. வில்லியனூரில் நடுமையம், அங்கே டயல்-அப் தொலைபேசி இணைப்பு. அங்கிருந்து கிராமங்களுக்கு ரேடியோ மூலமாகவும் தகவல் போகும். வீராம்பட்டினம் மீனவக் கிராமம் இதில் புகழ் பெற்றது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் படிப்பார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று கரையில் நின்றே முடிவு செய்யலாம். மையத்தை நடத்தியது பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். எந்தச் சாதிக்காரரும் வரக்கூடிய இடத்தில்தான் மையம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. இதைப் படித்துவிட்டுத்தான் எனக்கும் ஆசை வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவில்லை. அலை எத்தனை அடி என்பது எல்லாரும் கேட்க வேண்டிய செய்தி. ஒலிபெருக்கிதான் அதற்குச் சரியான இடம். என் முன்னறைக்கு வந்தவர்கள் தேடி வந்தது வேறு. பரீட்சை முடிவு, வேலை விண்ணப்பம், வெளிநாட்டிலிருந்து கடிதம். இதில் கடிதம் அதிகமாகிக்கொண்டே போனது. ரேஷன் கார்டு எப்போது பீரோச் சாவியாக மாறியது என்று எனக்குத் தெரியாமலே மாறிவிட்டது.

விண்டோஸ் 98 எப்படிப்பட்ட பீரோ என்பதைச் சொல்கிறேன். தொடங்கும்போது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். 'கேன்சல்' பொத்தானைத் தட்டினால் போதும், வாங்க வாங்க என்று உள்ளே விட்டுவிடும்! கேன்சல் போட்டு உள்ளே போனவருக்கு ஒரே ஒரு தண்டனைதான். டயல்-அப் பெட்டியில் 'பாஸ்வேர்டைச் சேமி' என்ற கட்டம் மங்கிப்போய் இருக்கும், டிக் போட முடியாது. ஏனென்றால் சேமித்த பாஸ்வேர்டெல்லாம் அந்தந்தப் பெயரில் 'பி.டபிள்யூ.எல்.' என்று முடியும் கோப்பில் இருக்கும். கோப்பு பூட்டியிருந்தாலும், பூட்டு பெரிய பூட்டு இல்லை. விண்டோஸ் 95 வந்த அதே வருடம் டிசம்பரிலேயே அந்தப் பூட்டை உடைக்கும் வழியை இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் பலமான பூட்டு மாற்ற வேண்டியதாயிற்று. பாஸ்வேர்டை மறைக்கும் நட்சத்திரங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டும் குட்டி மென்பொருள்களும் இலவசமாகக் கிடைத்தன. எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று வட்டிலேயே தடை போடும் வசதி அந்த விண்டோஸில் கிடையாது. ஆளுக்கு ஒரு 'புரொஃபைல்' வைக்கலாம். வைத்தால் பின்னணிப் படமும் ஐகான்களும் தனித்தனியாக வரும். அறைக்கு அறை வேறு வர்ணம் அடித்துவிட்டுக் கதவு போட மறந்த வீடு.

இதோடு மணிப் பஞ்சமும் சேர்ந்தது. இணைப்பில் இருந்துகொண்டே கடிதம் படித்தால் மணி போகும். ஆகவே அவுட்லுக் எக்ஸ்பிரஸில் 'சென்ட் அண்டு ரிசீவ்' தட்டி, எல்லாக் கடிதத்தையும் கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொண்டு, உடனே இணைப்பைத் துண்டித்து, ஆற அமரப் படிப்போம். எழுதுவதும் அப்படித்தான். நோட்பேடில் எழுதி வைத்துவிட்டு, இணைந்ததும் அனுப்புவது. எழுதிய கோப்பு டெஸ்க்டாப்பிலேயே 'லெட்டர்1', 'லெட்டர்2' என்று கிடக்கும். நான்கு கணக்குக்கு வரும் கடிதமும் ஒரே இன்பாக்ஸில் விழும். சொந்த முகவரி இல்லாத பிள்ளைகள், தபாலில் 'மேற்பார்வை' என்று போடுவது போல, என் முகவரியைத்தான் கொடுத்திருந்தார்கள்.

கடிதங்கள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, தமிழ்99 விசைப்பலகை வந்துவிட்டதுதான். ஆனால் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு இருந்த காலம் அது. இங்கே அடித்தது அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் எல்லாரும் ஆங்கில எழுத்துக்கே போனார்கள். முன்பெல்லாம் பெரியவர்களின் கடிதத்தைப் பிள்ளைகளிடம் மறைப்பார்கள். இந்தக் கடிதங்களைப் பெற்றவர்களால் படிக்க முடியாது, பள்ளிக்கூடத்துப் பையன் எவனும் படித்துவிடுவான்.

இனி அந்தப் பகுதி.

2002 அக்டோபர். பசியாவரத்துப் பெண் ஒருத்தி, என்னிடம் பத்தாவது வரை படித்தவள், அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அண்ணன் வளைகுடாவில். போகும்போது ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் ஒரு மீன் வியாபாரியிடம் வாங்கிய கடன். வாரம் ஒரு சனிக்கிழமை படகில் வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் தபால்களை இறக்கி வைத்துவிட்டு வெளியே போயிருந்தேன். மாதிரி வினாத்தாள் பார்க்க வந்த பதினோராம் வகுப்புப் பையன் மேஜையில் உட்கார்ந்தான். இன்பாக்ஸில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு: 'அம்மாகிட்ட சொல்லாதே.' பதினாறு வயதில் அதைத் திறக்காமல் இருக்க முனிவராக இருக்க வேண்டும். ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள், வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அண்ணன் எழுதியிருந்தான்.

பையன் படகுத்துறையில் ஒருவனிடம் சொன்னான். படகு அக்கரை போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் வியாபாரியும் வந்துவிட்டார். இனி எதை நம்பிப் பொறுப்பது என்று கேட்டு, அப்பாவின் படகு எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனார். அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான், வாசலில் நாலு பேர் நிற்கும்போது. அந்தப் பெண் அந்த வருடம் கல்லூரிக்குப் போகவில்லை. நோட்டில் அவள் கையெழுத்து அக்டோபர் முதல் சனிக்கிழமையோடு நிற்கிறது.

நான் அந்தப் பையனை அடித்தேன். அவன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இதைப் படிப்பான். தம்பி, அந்த அடி உனக்கு விழுந்திருக்கக் கூடாது. கதவில்லாத பீரோவை வாசலில் வைத்துவிட்டு ஊருக்குப் பெருமை பேசியவன் நான். கடிதம் படித்துக்காட்டும் வாத்தியார்களின் வரிசையில் வந்தவன் வேறு. என் அப்பா ஐம்பது வருடம் குப்பத்துக்காரர்களுக்குக் கடிதம் எழுதியும் படித்தும் கொடுத்தார். கேட்டதை வாசல்படியிலேயே மறந்துவிடுவார். என் முன்னறையில் இருந்த பெட்டிக்கு மறதி கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை.

பிறகு என்னென்னவோ செய்தேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் 'ஐடென்டிட்டி' என்று ஆளுக்கு ஒரு பெயர், பாஸ்வேர்டு வைத்தேன். ஒரு மாணவன் ஐந்தே நிமிடத்தில் கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, எல்லாருடைய கடிதமும் சேர்ந்தே கிடப்பதைக் காட்டினான். திருட்டுக்காக இல்லை, என்னை எச்சரிக்கத்தான். கடைசியில் எல்லாரையும் ஹாட்மெயிலுக்கு மாற்றினேன். மணி அதிகம் போகும், போகட்டும் என்று விட்டோம். 2 எம்.பி. இடம், கொஞ்ச நாள் திறக்காவிட்டால் கணக்கையே அழித்துவிடுவார்கள். ஆனால் கடிதம் நம் பெட்டியில் தங்காது. அதிலும் ஒரு கோளாறு. பார்த்த பக்கங்கள் தற்காலிகக் கோப்பாகத் தங்கும், பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் முழு முகவரியும் தானாக வரும். எழுந்து போகுமுன் 'லாக் அவுட்', பிறகு ஹிஸ்டரி, பிறகு தற்காலிகக் கோப்பு, மூன்றையும் அழித்தால்தான் நோட்டில் கையெழுத்து என்று சட்டம் போட்டேன். இப்போதும் என் வீட்டுக்கு வருபவர்கள் போனை வைத்துவிட்டு எழுந்தால் நான் கத்துவது அந்தப் பழக்கம்தான்.

நோட்டை மேஜை மேல் வைப்பதையும் நிறுத்தினேன். யார் எந்த நாளில் வருகிறார் என்பதே ஒரு செய்தி. இது எனக்கு மட்டும் வந்த சங்கடம் அல்ல. 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம், ஒரு பெண்ணைப் பற்றி இன்டர்நெட்டில் அவதூறாக எழுதியவருக்குத் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நாட்டிலேயே முதல் தண்டனைகளில் ஒன்று. அதில் சைபர் கஃபே நடத்தியவர்களும் சாட்சி சொன்னார்கள். யார் வந்தார் என்று குறித்து வைப்பதால் ஒரு பெண்ணுக்கு நியாயமும் கிடைக்கிறது, அதே குறிப்பால் இன்னொரு பெண்ணின் வீட்டு வாசலில் கூட்டமும் கூடுகிறது. 2011-ல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதி போட்டபோது, அடையாள அட்டை கேட்க வேண்டும், பதிவை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் கூடாது என்றெல்லாம் வந்தது. எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத தலைமுறைக்கு அந்த நாலரை அடி வினோதமாகத்தான் பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது அதற்கும் ஆறு வருடம் கழித்து, 2017 ஆகஸ்ட் 24-ல்.

மற்றது சீக்கிரம் முடிந்துவிட்டது. விண்டோஸ் எக்ஸ்.பி. போட்டோம். அதில் டயல்-அப் பெட்டியே, சேமிக்கும் பாஸ்வேர்டு 'எனக்கு மட்டும்' வேண்டுமா, 'இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லாருக்குமா' என்று கேட்கும். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்கியது. சுனாமி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, குப்பங்களில் யாருக்கும் அதில் கவனம் இல்லை. அந்த வருடக் கடைசியில் நான்கு கணக்கும் காலாவதியாயின. பொன்னேரியில் சைபர் கஃபேக்கள் வந்தன, பிள்ளைகள் அங்கே போனார்கள். மோடத்தைக் கழற்றி வைத்தேன். கத்தல் நின்றதும் வீடு என்னவோ போல இருந்தது.

இதை எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. கல்யாணம், திருவிழா என்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். இதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அண்ணன் அடுத்த வருஷமே ஊருக்கு வந்துட்டான் சார், உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள். எழுதலாமா என்று கேட்டேன்.

"பேரு போடாம எழுதுங்க சார்."

பசியாவரத்தில் எல்லாருக்கும் யாரென்று தெரியுமேம்மா என்றேன்.

"ஊருக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான். வெளியூருக்குப் புதுசா தெரிய வேணாம். அப்புறம், எழுதிட்டு எனக்கு அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்."

அனுப்பினேன். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். நோட்டில் அவள் கையெழுத்து உள்ள பக்கங்களைக் கிழித்து ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உங்கள் பக்கம் வேண்டும் என்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், இங்கே எல்லார் முன்னாலும் வேண்டாம். பொங்கல் வரை வைத்திருப்பேன். மீதி போகியன்று அடுப்புக்கு.